குறட்டையும் மாஸ்க்கும்: சி-பேப் வீட்டுக்கு வந்த கதை

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையும் சென்னை வெளிவட்டச் சாலையும் சந்திக்கின்றன. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான பகுதி 2014இல் திறக்கப்பட்டதிலிருந்து இந்தச் சந்திப்புக்கு ராத்திரி என்பதே இல்லாமல் போயிற்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளின் லோடு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் என்று விடிய விடிய லாரிகள். இதே சாலையில் வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., நசரத்பேட்டையில் பனிமலர், தண்டலத்தில் சவீதா என அடுத்தடுத்து மருத்துவக் கல்லூரிகள். இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டுகிறவர்களும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நெஞ்சக மருத்துவர்களும் ஒரே சாலையில் இருக்கிறார்கள். இருந்தும் வீடுகளிலும் லாரி கேபின்களிலும் கேட்கும் பேச்சு பழைய பேச்சுதான்: “மனுஷன் அசந்து தூங்குறாரு. கொறட்டையக் கேட்டாலே தெரியலையா? எழுப்பாத.”

குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியது. எழுப்பப் போனவர்களைக் கும்பகர்ணனின் மூச்சுக்காற்றே தள்ளிவிட்டது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குறட்டை விடும் சித்தப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்துச் சிரிப்பதோடு விஷயம் முடிந்துவிடும். அந்தக் குறட்டை திடீரென்று நின்று, சில நொடிகள் சத்தமே இல்லாமல், பிறகு ஒரு பெரிய திணறலோடு மறுபடி தொடங்குவதைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி எத்தனையோ இரவு கேட்டிருப்பார். மூச்சு நின்ற அந்தச் சில நொடிகளில்தான் ஸ்லீப் ஆப்னியா என்ற நோய் இருக்கிறது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து, காற்று இறங்கிய சைக்கிள் டியூப்பைப் போல மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, பாதை திறக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைக்கு மேல் இது நடக்கும். காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் ஏன் கண் எரிகிறது, ஏன் தலை கனக்கிறது என்று மட்டும் புரியாது.

மருத்துவர்களும் நெடுங்காலம் நோயாளியின் பகலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1956இல் அமெரிக்காவில் சிட்னி பர்வெலும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 51 வயது, கிட்டத்தட்ட 120 கிலோ எடை, தொழில் நிர்வாகி. வாரந்தோறும் சீட்டாடப் போகிறவர். ஒரு நாள் கையில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் வந்து சேர்ந்தன. போக்கர் ஆட்டத்தில் விட்டுவிடவே கூடாத கை. அதை வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். ஆட்டம் போனது பெரிதில்லை, இப்படியொரு கையோடு தூங்குகிறோமே என்ற அதிர்ச்சிதான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் நின்ற இடத்தில் தூங்கிவிடும் குண்டுப் பையன் ஜோவை நினைவில் வைத்து, பர்வெல் இதற்குப் ‘பிக்விக் நோய்’ என்று பெயர் கொடுத்தார். உடல் பருமனால் மூச்சு மந்தமாகி, ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் தருகிறது என்பது அவருடைய விளக்கம். தொண்டையை அவர் கவனிக்கவில்லை.

இரவு முழுக்கக் கூடவே விழித்திருந்து பார்த்தவர்கள் ஒன்பது ஆண்டு கழித்து வந்தார்கள். 1965இல் பிரான்சின் மார்செய் நகரில் அன்ரி கஸ்தோவும் சகாக்களும் இத்தகைய நோயாளிகளின் மூளை அலைகளையும் மூச்சையும் தூக்கத்தில் சேர்த்துப் பதிவு செய்தபோது, மூச்சு அடைபடுவதும் மூளை விழிப்பதும் மாறி மாறி வருவது காகிதத்தில் கோடாகத் தெரிந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் யுங், கூலோ இருவரும் இதையே பதிவு செய்தார்கள். அடைப்பு தொண்டையில் என்றால் தொண்டைக்குக் கீழே வழி திறந்தால் போதுமே? 1969இல் கூலோ குழு கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தது. நோயாளிகள் உடனே தேறினார்கள். ஆனால் கழுத்தில் ஓட்டையோடுதான் மீதி வாழ்க்கை: பகலில் மூடி வைக்க வேண்டும், இரவில் திறக்க வேண்டும், குளிக்கும்போது தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாக, நோய் முற்றியவர்களுக்கு நம்பிச் சொல்லக்கூடிய வைத்தியம் இது ஒன்றாகவே இருந்தது.

அந்தக் கத்திக்குப் பயந்த ஒருவரால்தான் இன்றைய சி-பேப் மெஷின் பிறந்தது. இடம் ஆஸ்திரேலியாவின் சிட்னி, 1980 ஜூன். மருத்துவர் கொலின் சல்லிவனிடம் வந்த அந்த நோயாளிக்குக் கழுத்தில் துளையிடுவது என்று பேச்சு. அது வேண்டாம், வேறு எதையும் முயன்று பார்க்கத் தயார் என்றார் அவர். சல்லிவன் முன்பு கனடாவின் டொரான்டோவில் நாய்களின் தூக்க மூச்சை ஆராய்ந்தவர், நாயின் மூக்குக்குப் பொருந்த மாஸ்க் செய்து பழகியவர். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சுருங்காமல் இருக்கத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கலாம் என்று சான்பிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் கிரெகரி 1971லேயே காட்டியிருந்தார். சல்லிவன் அந்த அழுத்தத்தைப் பெரியவரின் மூக்கு வழியாகத் தொண்டைக்குக் கொண்டுவந்தார். வாக்குவம் கிளீனர் மோட்டார் உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதியது. அழுத்தத்தை ஏற்றினால் மூச்சுத்தடை நின்றது, இறக்கினால் திரும்ப வந்தது. ஏற்றியே வைத்தார்கள். அந்த மனிதர் விடியும்வரை ஆழ்ந்து தூங்கி எழுந்தார்.

1981 ஏப்ரலில் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு கட்டுரை வந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5இலிருந்து 10 சென்டிமீட்டர் நீர் அளவு. ஒரு டம்ளர் தண்ணீருக்குள் ஸ்டிராவை அடிவரை விட்டுக் குமிழி ஊதத் தேவையான அளவுக்கு மேல் இல்லை. இதை வென்டிலேட்டர் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளலாம். கோவிட் காலத்தில் மருத்துவமனைக் கட்டிலில் வென்டிலேட்டர் என்ற பெயரைக் கேட்டவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் விடவில்லை. மூச்சை இழுப்பதும் விடுவதும் படுத்திருப்பவர்தான், மெஷின் பாதையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவே.

காற்றழுத்தம் ஒரே இரவில் தன் வேலையைக் காட்டிவிட்டது. அதன் பிறகு வந்த நாற்பது ஆண்டு வரலாறு முழுக்க மாஸ்க்கின் வரலாறு என்றே சொல்லலாம். வீட்டுக்கு எடுத்துப்போன முதல் நோயாளிகளின் பாடு சாதாரணமில்லை. ஒவ்வொருவர் முகத்துக்கும் அச்செடுத்து ஃபைபர்கிளாஸில் மாஸ்க் வார்ப்பார்கள். தினமும் படுக்கும் முன் சிலிக்கோன் பசை தடவி அதை மூக்கைச் சுற்றி ஒட்டிக்கொள்ள வேண்டும், காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். பக்கத்தில் மோட்டார் இரையும். இத்தனையையும் சகித்துக்கொண்டு அவர்கள் தொடர்ந்தார்கள் என்றால், பகலில் விழித்திருக்க முடிவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்!

1980களின் நடுவில் அமெரிக்காவில் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம், கடையில் வாங்கும் மெஷினைக் கொண்டுவந்தது. 1989இல் பீட்டர் ஃபாரல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் ரெஸ்மெட் ஆயிற்று. காற்று உள்ளே வந்ததும் தானே உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சிலிக்கோன் விளிம்பு வந்தது, பசை ஒழிந்தது. லான்செட் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான மைக்கேல் பெர்தான்-ஜோன்ஸ், தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் மெஷினை வடிவமைத்தார். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியும், மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய பில்லோ மாஸ்க்கும் சேர்ந்தன.

இத்தனைக்குப் பிறகும் எத்தனை பேர் மாட்டிக்கொண்டு தூங்கினார்கள்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நான்சி கிரிப்ஸ் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முகத்திலறைந்த மாதிரி பதில் சொன்னது. 35 பேரின் மெஷின்களுக்குள் நேரம் குறிக்கும் கருவியை வைத்து மூன்று மாதம் பார்த்தார்கள். தினமும் போடுகிறோம் என்றவர்கள் 60 சதவீதம். உண்மையில் பத்துக்கு ஏழு நாட்களாவது நான்கு மணி நேரம் போட்டவர்கள் 16 பேர்தான். இன்று மருத்துவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருக்கும் ‘நான்கு மணி நேர’ அளவுகோல் பிறந்தது இப்படித்தான். இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 இதய, பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த சேவ் ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. சி-பேப் புதிய மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை தேறியது. ஆனால் அவர்கள் சராசரியாக மாஸ்க் போட்டது ஓர் இரவுக்கு 3.3 மணி நேரமே. பாதி இரவு கழற்றி வைத்த வைத்தியத்தை முழு வைத்தியமாக எடைபோடுவது எப்படி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்தியாவில் இந்த நோயை எண்ணிப் பார்த்த முன்னோடிகளில் மும்பை இந்துஜா மருத்துவமனையின் சரீர் உத்வாடியா முக்கியமானவர். வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயது ஆண்களிடையே அவர் குழு நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. 19.5 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்து நோயாக முற்றியிருந்தவர்கள் 7.5 சதவீதம். மேலைநாடுகளின் நோய் என்ற எண்ணம் அதோடு உடைந்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியாவைக் காரணமாகச் சொன்ன பிறகுதான் பல வீடுகளில் முதன்முதலாக இந்தப் பெயர் காதில் விழுந்தது.

மாஸ்க் பழகுவதில் சிட்னியின் சிக்கல்கள் வேறு, நம்மூர்ச் சிக்கல்கள் வேறு. பூந்தமல்லி, நசரத்பேட்டைப் பக்கம் பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள் ஏராளம். ஈரக்காற்று குழாய்க்குள் குளிர்ந்து நீராகி மூக்கில் வடியாமல் இருக்க மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வை என்கிறது கையேடு. தரையில் படுத்தவர் எதற்குக் கீழே வைப்பது? குழாய்க்கு ஒரு துணி உறை மாட்டி, ஏ.சி.யின் வெப்பநிலையைச் சற்றுக் கூட்டி வைத்தால் பெரும்பாலும் நிற்கும். போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் சில வாரங்களில் அடியில் வெள்ளையாக உப்புப் படியும், டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுத்தால் மாஸ்க்கின் பட்டை வழுக்கும். அடர்ந்த மீசை இருந்தால் காற்று கசியும். கசிகிறதே என்று பட்டையை இழுத்து இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு: சிலிக்கோன் விளிம்பு நசுங்கிக் கசிவு கூடும், மூக்குத் தண்டில் புண் வரும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒருமுறை லேசாகத் தூக்கி விட்டால் விளிம்பு தானே உப்பி உட்காரும். மூச்சு முட்டுவதுபோல் பயப்படுகிறவர்கள் மாலையில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகுவது நல்ல வழி. வாய் உலர்கிறது என்றால் வாயால் காற்று போகிறது என்று பொருள், மாஸ்க்கின் வகையை மாற்றிப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் மெஷின் பரணுக்குப் போவது இந்தச் சின்ன விஷயங்களால்தான். விற்றவர்கள் பெட்டியைக் கொடுத்ததோடு போய்விடுகிறார்கள், முதல் வாரம் கூட இருந்து பார்க்க ஆள் இல்லை.

2021 ஜூனில் இன்னொரு அடி விழுந்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு நாளாக ஆக உதிரக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல பத்து லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெற்றது. ரெஸ்பிரானிக்ஸ் அதற்குள் பிலிப்ஸ் கைக்குப் போயிருந்தது. கஷ்டப்பட்டுப் பழகியவர்களே சிலர் அப்போது பயந்து நிறுத்தினார்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். திட்டம் இந்த மெஷினுக்கு உச்சவரம்பு வைத்துப் பணம் தருகிறது. நசரத்பேட்டைச் சந்திப்பைக் கடக்கும் லாரி ஓட்டுநர் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்கு முன்னால், தனக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என்ன ஆகும்? 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஒரு பயணிகள் ரயில் வளைவில் அதிவேகமாகப் போய்த் தடம் புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். கண்டுபிடிக்கப்படாத ஸ்லீப் ஆப்னியாவோடு ஓட்டுநர் கண்ணசந்திருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. நம் ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதிப் படிவங்கள் வலிப்பு உண்டா, மாலைக்கண் உண்டா, நிறம் தெரிகிறதா என்று கேட்கின்றன. வண்டி ஓட்ட இடைஞ்சலான வேறு நோய் உண்டா என்று பொதுவாகவும் ஒரு கேள்வி இருக்கிறது. குறட்டை, பகல் தூக்கம் பற்றித் தனியாகக் கேள்வி இல்லை. கழுத்துச் சுற்றளவை ஒரு டேப்பில் அளப்பதும், “தூக்கத்தில் மூச்சு நிற்குதுன்னு வீட்டுல சொல்றாங்களா?” என்று கேட்பதும் இரண்டு நிமிட வேலை. போக்குவரத்துத் துறை கனரக வாகன உரிமத்துக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும். இந்தச் சாலையின் மருத்துவக் கல்லூரிகள் ஓட்டுநர்களுக்காக மாதம் ஒரு குறட்டை முகாம் நடத்த முன்வர வேண்டும். வீட்டில் ஏற்கெனவே மெஷினை வாங்கிப் பரணில் வைத்திருப்பவர்கள் அதை இறக்கித் துடைத்து, மாஸ்க்கின் அளவை ஒருமுறை சரிபார்த்து, இன்று ராத்திரி மறுபடி போட்டுப் பாருங்கள்.