மகமை: விருதுநகர் வட்டாரச் சிறுநகரங்களின் பொதுநிதி முறை

வணிகர்கள் தாங்கள் வாங்கி விற்கும் சரக்கின்மேல் தாங்களே விதித்துக்கொண்டு, பொதுக்காரியங்களுக்காகச் செலுத்தும் பங்குத்தொகை மகமை எனப்படும். தமிழ்நாட்டின் வணிகச் சமூகங்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் உண்டு. எனினும் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டார நாடார் வணிகரிடையேதான் அது முழு வளர்ச்சி பெற்றது. வானம் பார்த்த கரிசல் பூமியில், வற்றாத ஆறோ துறைமுகமோ இல்லாத இவ்வூர்கள் பள்ளியும் சந்தையும் தொழிற்கூடமும் கண்டதற்கு மகமையே அடித்தளம்.

தொன்மை

சரக்கின்மேல் வணிகர் தாமே மகமை விதித்துக்கொள்ளும் முறை சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுவினர் கோயில் திருப்பணிக்கென மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கொடை எழுதிவைத்தனர். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இவ்வகையில் புகழ்பெற்றது. உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில் எனச் சரக்குகளை அது வரிசைப்படுத்துகிறது. அக்கால வாணிபத்தின் விரிவைக் காட்டும் அரிய பட்டியல் இது. எளிய பயறு மூட்டையும் விலையுயர்ந்த அகிலும் ஒரே அறத்துக்குப் பங்களித்தன.

பேட்டைகளும் ஆறு ஊர்களும்

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து கருப்புக்கட்டி, உப்பு, கருவாடு, புகையிலை ஆகியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றி வடக்கே விற்கச் சென்ற நாடார் வணிகர், வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டமாகவே பயணம் செய்தனர். இரவில் வண்டிகளை அவிழ்த்துப்போட்டுத் தங்கச் சுற்றுச்சுவருடன் கூடிய பேட்டைகளை வழிநெடுகக் கட்டினர். பேட்டையின் காவலுக்கும் கிணற்றுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவை, அதைப் பயன்படுத்தும் வணிகர் அனைவரும் மகமையாகப் பகிர்ந்துகொண்டனர்.

1801இல் பாளையக்காரர் போர்கள் முடிவுற்றபின் வழிகளில் அச்சம் குறைந்தது. பேட்டைகளைச் சுற்றிக் குடும்பங்கள் நிலைத்தன, கடைத்தெருக்கள் உருவாயின. சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகியவை இவ்வணிகரின் ஆறு ஊர்கள் எனப்பட்டன. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இவ்விரண்டும் விருதுப்பட்டியைப் பருத்தி, மல்லி, வற்றல், எண்ணெய் வித்துகளின் பெருஞ்சந்தையாக்கின. 1923இல் விருதுப்பட்டி விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

உறவின்முறை நிருவாகம்

மகமையைத் தண்டுவதும் செலவிடுவதும் உறவின்முறையின் பொறுப்பு. ஓர் ஊரின் குடும்பத் தலைவர்கள் அனைவரும் அடங்கிய அவை இது. அன்றாடப் பணிகளைக் கவனிக்கும் முறைகாரர்கள் குடும்பங்களிலிருந்து முறைவைத்து அமர்த்தப்பட்டனர். நிதி ஒருவர் கையிலேயே நெடுங்காலம் தங்காதபடி இச்சுழற்சி காத்தது. சச்சரவுகளையும் உறவின்முறையே தீர்த்தது. அதன் தீர்ப்பை மீறியவர் தண்டம் கட்டினார். கட்ட மறுத்தவர் ஊர்விலக்குக்கு ஆளானார். கடன்பட்டவர் வாக்குத் தவறாமல் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கு இக்கட்டுப்பாட்டில்தான் வேரூன்றியது. சாதியமைப்பு ஆதலால் பிற சமூகத்தார் இதில் உறுப்பினர் ஆக இயலாது.

வகைகள்

நிதி வரும் வழியைக் கொண்டு மகமை வருவாயைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

சரக்கு மகமை: மண்டியில் கைமாறும் மூட்டைக்கு, பொதிக்கு அல்லது விற்பனைத் தொகைக்கு இவ்வளவு எனக் கொள்வது. பேரேட்டில் தனியே பற்றெழுதப்படும். வட இந்தியச் சந்தைகளின் தர்மாதா இதை ஒத்தது.

தலைக்கட்டு வரி: கடை இல்லாத குடும்பமும் கொடுக்கும் தொகை. கோயில் திருவிழாவையொட்டிப் பெரும்பாலும் தண்டப்படும்.

பிடி அரிசி: நாள்தோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டுவைத்துப் பொதுக்காரியத்துக்குக் கொடுப்பது. இதை நடத்தியவர்கள் இல்லத்துப் பெண்கள்.

சொத்து வருவாய்: மகமைப் பணத்தில் வாங்கிய கடைகள், நிலங்கள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றின் வாடகை.

செட்டிநாட்டு நகரத்தாரிடமும் மகமை உண்டு. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித் தொழில் நடத்திய அவர்கள், தொழிற்பணத்தின்மேல் மகமை எடுத்துக் கோயில்களும் விடுதிகளும் கட்டினர். பெரும் முதலாளிகளைக் கொண்ட அம்முறையினும், சில்லறைக் கடைக்காரரையும் உள்ளடக்கிய கரிசல் ஊர்களின் மகமை பரந்த அடித்தளம் உடையது.

கல்வி

தொடக்கத்தில் கிணறு, மடம், கோயில் என்று செலவான மகமை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்வியின் பக்கம் திரும்பியது. விருதுப்பட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பிடி அரிசியும் இப்பள்ளிக்கு உதவியது. பின்னாளில் முதலமைச்சராகி மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் விரித்த காமராசர் இங்குப் பயின்றவர். நாடார்களுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்டதும், அதனையொட்டிய 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரமும், கமுதிக் கோயில் வழக்கில் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த பாதகமான தீர்ப்பும் கல்வியின் தேவையை ஆழமாக உணர்த்தின. 1910இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முன்னின்று நாடார் மகாசன சங்கத்தை நிறுவினார். தனித்தனி ஊர்களின் முயற்சி அதனால் ஒருங்கிணைந்தது. 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி தொடங்கப்பட்டது.

வங்கி

சிறு வணிகருக்குக் கடன் தரும் வங்கி வேண்டும் என்ற எண்ணம் நாடார் மகாசன சங்க மாநாடுகளில் முதிர்ந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி திறக்கப்பட்டது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. பொதுப்பெட்டியில் காசு சேர்த்துப் பழகிய சமூகத்துக்கு வைப்புத்தொகை சேர்ப்பது புதிதாக இருக்கவில்லை.

சிவகாசித் தொழில்கள்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று, பூர்ணசந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டித் தொழில் கற்றனர். மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். மழை குறைந்த வறண்ட காற்று தீக்குச்சி உலர ஏற்றதாயிற்று. பெரிய எந்திரங்களைக் கைவிட்டுக் கையால் செய்யும் முறைக்கு மாறியதால் குறைந்த முதலில் யாரும் தொழிலில் இறங்க முடிந்தது. குச்சி அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் வீடுகளுக்கே சென்றன. ஊரார் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று வழங்கும் சிறு கூடங்கள் சாத்தூர், கோவில்பட்டி வரை பெருகின. சுவீடன் முதலீட்டில் இயங்கிய விம்கோ நிறுவனத்தின் போட்டியை இவை எதிர்த்து நின்றன. 1934இல் தீப்பெட்டிக்குத் தீர்வை வந்தபின் சிறு ஆலைகளுக்குக் கிடைத்த சலுகையும் துணைசெய்தது.

தீப்பெட்டிக்கு மருந்து கலக்கும் அறிவிலிருந்து பட்டாசும், முகப்புத்தாள் தேவையிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல் என அச்சகங்கள் வளர்ந்தன. ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரும் சிவகாசிக்கு அமைந்தது. மகமை நேரடியாக ஆலை கட்டவில்லை. அது வளர்த்த ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையே முதலீடாயிற்று. வெளியிலிருந்து வந்த தொழிலதிபர் எவரும் இவ்வூரை உருவாக்கவில்லை.

இன்றைய நிலை

மகமை அறக்கட்டளைகள் இன்றும் பள்ளி, கல்லூரிகளை நடத்துகின்றன. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும் சிறப்பாக நடைபெறுகிறது. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் பட்டாசு வகைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் கூலித் தொழிலாளர் உயிரிழப்பது தொடர்கிறது. எந்திரத் தீப்பெட்டியின் போட்டியும் மூலப்பொருள் விலையேற்றமும் கைத்தொழில் கூடங்களைக் குறைத்துள்ளன. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயாக உயர்ந்தது.