சிவக்காத கம்பிச்சுருள்

குளிர்ல டீசல் எஞ்சின் கிளம்ப, எரிஅறையைச் சூடாக்கும் க்ளோ ப்ளக் வேணும். 1950களின் மெர்சிடிஸ் டீசல் கார்களில் ப்ளக்குகள் தொடர் இணைப்பில் இருந்தன. அதே தொடரில் டாஷ்போர்டிலும் ஒரு கம்பிச்சுருள். ஒரு ப்ளக் போனால் எல்லாமே அணைஞ்சிடும். ஆனா சுருளும் சிவக்காது, ஓட்டுபவருக்கு உடனே தெரிஞ்சிடும்.

1980 வாக்கில் பக்க இணைப்பும் ரிலேயும் வந்தன. ஒன்று போனாலும் மற்றவை சூடாகும், பழுதுதான் ஒளிஞ்சுக்கிட்டது. இனி மீட்டர் வெச்சுத்தான் தேடணும்.

இது புரியாம, என் பழைய டீசல் காரில் நாலு ப்ளக்கையும் மாத்தினேன். கிளம்பல. பிறகுதான் ரிலேயை அளந்தேன்: உள்ளே 12 வோல்ட் வருது, வெளியே ஒண்ணுமில்ல. ஃப்யூஸ் போயிருந்தது.

கழற்றிய நாலு ப்ளக்கையும் அளந்து பார்த்தேன். நாலுமே நல்லாத்தான் இருந்தன.