பெயர்ச்சீட்டு இல்லாத கள்ளி

அத்தை வீட்டு மொட்டைமாடியில் நாற்பது கள்ளித் தொட்டிகள். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு உண்டு, ஒன்றைத் தவிர. போன சித்திரையில் அது பூத்தது. மஞ்சள் பூ, வெளியிதழ்களில் செம்மை.

"நம்ம சப்பாத்திக்கள்ளிதான்டா, இதுக்குப் போய்ப் பேரு எதுக்கு?" என்றாள் அத்தை.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மடல் மெல்லிசு, பளபளப்பு. ஒரு கண்ணுக்கு ஒன்றிரண்டு முள்தான். வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்கு முட்கள் மஞ்சளாய், தட்டையாய், சற்றே வளைந்து கொத்தாக இருக்கும். அது ஒபன்ஷியா தில்லேனி. தொட்டியில் இருந்தது ஒபன்ஷியா மோனகாந்தா; 'ஒற்றை முள்' என்றே அதற்குப் பொருள்.

இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். என்ன பெரிய வித்தியாசம் என்று நாம் கேட்கலாம். ஒரு பூச்சி அப்படிக் கேட்கவில்லை.

கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியை உலர்த்தினால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் அந்த வியாபாரத்தைக் கைக்குள் வைத்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் ஒரு கண். சென்னையில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-இல் உள்ளூர்ப் பூச்சி ஒன்றைக் கோச்சினீல் என்று நம்பி ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது இல்லை. பிறகு சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்.

1795-இல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். அதுவும் ஆள்மாறாட்டம்தான்! வந்தது மெக்சிகோவின் உயர்சாதிப் பூச்சி இல்லை, அதன் காட்டுப் பங்காளி. சாயம் மட்டம், ஆனால் பசி அபாரம். மோனகாந்தாவைத் தின்றே தீர்த்தது. தென்னிந்திய வயல்களில் கள்ளி மண்டிக் கிடந்ததால், 1836 வாக்கில் அதை அழிப்பதற்கென்றே பூச்சியை இங்கே கொண்டுவந்தார்கள். களையை ஒழிக்கத் தெரிந்தே வேறு பிரதேசத்துக்குப் பூச்சியைக் கொண்டுபோன முதல் முயற்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அதே பூச்சியைத் தில்லேனி மேல் விட்டபோது அது சீண்டவில்லை. அரசாங்கத்துக்கு இரண்டும் 'கள்ளி'. பூச்சிக்கு ஒன்றுதான் சோறு. தில்லேனிக்கென்று சரியான பூச்சி 1926-இல்தான் இலங்கையிலிருந்து வந்தது. சில வருஷங்களில் ஏராளமான நிலம் விடுபட்டது.

வேடிக்கை என்னவென்றால், பிரேசில் வழியாக வந்த அந்த முதல் பூச்சியின் அறிவியல் பெயர் 'சிலோனிகஸ்'. பெயர் வைத்தபோது அது இலங்கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அத்தை வாங்கிப் படித்துவிட்டு, அடியில் பென்சிலால் 'சப்பாத்தி' என்று சேர்த்துச் செருகினாள்.