சிவப்புச் செங்கல்லும் செம்புச் சுரங்கமும்

லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறினால் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத். இறங்கி, ஒரே அச்சில் வார்த்தது போன்ற புறநகர் வீடுகளைத் தாண்டி நடந்தால், மதிலுக்குப் பின்னால் 'ரெட் ஹவுஸ்' வருகிறது. ஓவியராக நினைத்து, பிறகு வடிவமைப்பாளராகப் பேர் வாங்கிய வில்லியம் மோரிஸுக்காக அவருடைய நண்பர் பிலிப் வெப் வரைந்து கொடுத்த வீடு. 1860ல் குடியேறியபோது மோரிஸுக்கு 26 வயது.

செங்கல்லைச் சாந்து பூசி மறைத்து, கல் மாதிரி காட்டுவதுதான் அப்போது கௌரவம். வெப் பூசவே இல்லை. ஜன்னல்களும் வரிசைக்காக வைத்தவை இல்லை. உள்ளே இருக்கும் அறைக்கு எது தேவையோ அதற்கேற்ப ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பொருள் தன்னை மறைக்கக் கூடாது, செய்தவரின் கை அதில் தெரியணும். பின்னாளில் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' என்று பெயர் பெற்ற இயக்கத்தின் அடிப்படை இதுதான்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரைப் பூச்சு ஈரமாக இருந்தபோதே குத்திய புள்ளிகள் இன்னமும் தெரிகின்றன. அந்தப் புள்ளிகளைப் பிடித்துத்தான் வண்ணம் தீட்டினார்கள். வரவேற்பறைச் சுவரில் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த திருமண விருந்து. திரைச்சீலைகளில் பூ வேலை செய்தவர் மோரிஸின் மனைவி ஜேன், ஆக்ஸ்ஃபோர்டில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவரின் மகள். இப்படி நண்பர்கள் கூடி ஒரு வீட்டை அலங்கரித்த பழக்கமே 1861ல் ஒரு கம்பெனியாக மாறியது. தோட்டத்து ரோஜாப் பந்தல், 1862ல் 'ட்ரெல்லிஸ்' என்ற சுவர்த்தாள் வடிவமாக மாறியது. பறவைகளை மட்டும் வெப் வரைந்தார்.

சரி, இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது?

டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற செம்புச் சுரங்கத்திலிருந்து. அப்பா வாங்கிப் போட்ட பங்குகள். 21 வயதிலிருந்து மோரிஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 900 பவுண்டு வருமானம். அங்கே ஆண்கள் பூமிக்கடியில் பாறையை உடைத்தார்கள். மேலே பெண்களும் சிறுவர்களும் தாதுவைத் தட்டிப் பிரித்தார்கள். செம்பு குறைந்த பிறகு அதே சுரங்கம் ஆர்சனிக் எடுத்து விற்றது. உழைப்பில் சந்தோஷம் இருக்கணும் என்று காலமெல்லாம் சொன்னவர், 1871ல் அந்தச் சுரங்கத்தின் இயக்குநர்களில் ஒருவராகவும் ஆனார். சில ஆண்டுகளில் விலகிவிட்டார்.

இந்த வீட்டில் அவர் இருந்தது ஐந்தே வருஷம். பங்கு வருமானம் சரிந்தது, கம்பெனி வேலை லண்டனுக்கு இழுத்தது. 1865ல் காலி செய்தார்.

கையால் செய்தால் விலை ஏறும். விலை ஏறினால் பணக்காரர்தான் வாங்க முடியும். இந்த முடிச்சை அழகான பொருள்களைச் செய்து மட்டும் அவிழ்க்க முடியவில்லை. 1883ல் மோரிஸ் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார், தெருமுனைகளில் நின்று பேசினார். சுரங்கக் காசில் வாழ்ந்தவர் என்று சொல்லி அவரை ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. தன் சுவர்த்தாளை யார் வாங்குகிறார்கள், அதைச் செய்கிறவர் எப்படி வாழ்கிறார் என்று வசதியாக இருந்துகொண்டே கேட்டவர்கள் அன்றும் குறைவு. ரெட் ஹவுஸைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சுரங்கத்தையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளணும்.