மெட்ராஸுக்கே வராத மெட்ராஸ் காசு

"இருநூறு வருஷத்துக் காசு சார், இந்த விலைக்குக் கொள்ளை மலிவு!" பழைய நாணயம் வாங்கப் போகிற எல்லாரும் ஒருதடவையாவது கேட்டிருப்பீங்க. வயசைச் சொல்லியே விலையை ஏத்துவது. என்னைக் கேட்டால், வயசு ரெண்டாம்பட்சம். எத்தனை மிச்சம் இருக்கு, எந்த நிலையில் இருக்கு, இதுதான் விலை.

கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் மாகாணத்துக்காக 1808-இல் அடித்த செப்புக்காசையே எடுத்துக்குங்க. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிப் பிடித்த கம்பெனி சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதோடு ரோமன் எண்ணில் பத்து 'காஷ்' அல்லது இருபது 'காஷ்'. (நம்ம 'காசு'தான், வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆகிப்போச்சு.) அன்றைய மெட்ராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, இருபது காசு என்றால் கால் பணம்.

அடிச்சது இங்கே இல்லை. இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் பக்கம் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில். பீப்பாய் பீப்பாயாக 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில் ஏத்தி அனுப்பினாங்க. 1809 ஜனவரியில் புயல். கப்பல் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகுமுன்பே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிப்போச்சு. உள்ளே நாற்பது டன்னுக்கு மேல் காசு! 1980-களில் முக்குளித்து எடுத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் அள்ளியிருக்காங்க.

அப்புறம் எப்படி அது அபூர்வமாகும்? ஒரு காசு நல்லா இருந்தாலும் பெரும்பாலும் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இருநூறு வருஷமாவது ஒண்ணாவது :-)

நிலையைப் பார்க்கவும் இதே காசு நல்ல பாடம். மெட்ராஸ் கடைத்தெருவில் கைமாறிய 1803-ஆம் வருஷத்துக் காசில் மேடான இடங்கள்தான் முதலில் மழுங்கும்: சிங்கத்தின் பிடரி, கேடயம். பள்ளமான இடம் வழவழப்பாகவே இருக்கும். கப்பல் காசில் நேர் எதிர். பிடரிமயிர் கூர்மையாகத் தெரியும், ஆனால் பரப்பெல்லாம் அம்மைத்தழும்பு மாதிரி உப்பு அரித்த குழி. முன்னது தேய்மானம், பின்னது அரிப்பு. ரெண்டையும் 'நல்ல கண்டிஷன்' என்று ஒரே விலைக்கு விற்றால் நம்பாதீங்க. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நீட்டினால் இன்னும் குறைத்தே கேளுங்க. செம்பின் பழைய பழுப்பு நிறம் போனால் போனதுதான். திரும்ப வராது.

ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 'கம்பெனி அரையணா 1818' என்று வருகிறதே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. லட்சக்கணக்கில் விலை சொல்றாங்க, பாவம் வாங்கறவங்க.

இன்னொரு பக்கம் பாருங்க. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1938 வெள்ளி ரூபாய் சர்வசாதாரணம். 1939? அதே வெள்ளி, அதே 11.66 கிராம், ஒரே வருஷ வித்தியாசம். ஆனால் மிகச் சிலவே கிடைக்கின்றன, விலை பல மடங்கு. 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைச்சுட்டாங்க. 8-ஐச் சுரண்டி 9 ஆக்கும் கைவேலைக்காரர்கள் இருக்காங்க. அதனால் யாராவது 1939-ஐ நீட்டினால் ராஜா முகத்தை விட்டுட்டு, லென்ஸை நேரே அந்தக் கடைசி எண்ணில் வைங்க.