அடைக்கலம்: பாரம் யார் தலையில்?

'அடை' என்ற வினையில் கிளைத்த சொல் அடைக்கலம். ஓரிடத்தை அடைந்து காப்புப் பெறுவது என்பது இன்று நாம் அறிந்த பொருள். அகராதி இன்னொன்றையும் சொல்கிறது: நம்பி ஒருவரிடம் ஒப்படைத்தது. வெளியூர் போகிறவர் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கும் நகை அடைக்கலப் பொருள்தான். முதற்பொருளில் பேச்செல்லாம் வந்தவரைப் பற்றியது. இரண்டாவதில் பாரம் வாங்கி வைத்தவர் தலையில் ஏறிவிடுகிறது. சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை நடப்பது மதுரை மதிலுக்கு வெளியே, துறவிகள் தங்கும் புறஞ்சேரியில். இல்லறத்தார் இரவு தங்க அது ஏற்ற இடமில்லை. இயக்கி என்ற தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் இடைக்குல மூதாட்டி மாதரியைச் சமணத் துறவி கவுந்தியடிகள் பார்க்கிறார். கண்ணகியை அவள் கையில் ஒப்படைக்கிறார். அடைக்கலம் காப்பதன் பெருமைக்கு ஒரு கதையும் சொல்கிறார். மோர் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய பொறுப்பு!

பின்னால் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் கடப்பது வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்ற மறையவன் சொல்லும் செய்தி. அடைக்கலத்தை இழந்தேனே என்று மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். இருவர்மீதும் ஒரு குற்றமும் இல்லை. பாண்டியன் அரியணையில் விழுந்து இறந்ததை மேடைதோறும் பேசுகிறோம். அவன் தவறு செய்தவன். தவறே செய்யாமல் பொறுப்பேற்ற இந்த இரண்டு பெண்களிடம்தான் சொல்லின் முழு எடையும் தெரிகிறது.

கவுந்தியின் சமயத்தில் சோறு, மருந்து, நூல் ஆகியவற்றோடு அபயமும் ஒரு தானம். அஞ்சி வந்தவரைக் காப்பது அது. கல்வெட்டுகளில் வரும் 'அஞ்சினான் புகலிடம்' என்ற தொடரை இதனோடு சேர்த்துப் பார்த்தவர் 'சமணமும் தமிழும்' எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமி. தானம் கொடுத்த சமணருக்கும் யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் நான்கு மாதம் அலையாமல் ஓரிடத்தில் இருப்பது அவர்கள் விதி. மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் வெட்டிய உறைவிடத்துக்குக் கல்வெட்டு 'பளி' என்று பெயர் சொல்கிறது. இன்றைய பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் அந்த வழியில் வந்தவை. அழகர்மலைக் குகையில் கொடையாளர் பெயர்களோடு தொழிலும் இருக்கிறது: உப்பு விற்றவர், இரும்புக் கொழு விற்றவர், துணி விற்றவர், மதுரைப் பொற்கொல்லர். அரசன் மட்டும் செய்த காரியமில்லை இது, கடைத்தெருவும் கைகொடுத்திருக்கிறது.

சொல் அதன்பின் எங்கெங்கோ போய் உட்கார்ந்தது. வீட்டு உத்தரத்தில் கூடு கட்டும் சிட்டு, அடைக்கலாங்குருவி. தென்மாவட்டங்களில் அடைக்கலங்காத்த அய்யனார் பலருக்குக் குலதெய்வம். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்கே திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். அடைக்கலம் என்று பிள்ளைக்குப் பேர் வைப்பது ஒரு மதத்தோடு நின்றுவிடவில்லை.

அகதி என்ற சொல் வந்தபோதுதான் கணக்கு மாறியது. கதி இல்லாதவர் என்று வந்தவரின் குறையை மட்டும் சொல்லும் வடசொல் அது. ஏற்றுக்கொண்டவர் அதில் கண்ணிலேயே படுவதில்லை. மதுரைக்குப் பக்கத்துத் திருவாதவூரில், சமணர் தங்கிய மலைக்குகையில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. அதே ஊரில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாமும் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றாக்கியது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. 'என்னிடம் ஒப்படைத்தார்கள்' என்று மாதரிபோல் சொல்லிக்கொள்ளும் கடமை சட்டப்படி இன்னும் யார்மீதும் எழுதப்படவில்லை.