காதுக்குள் அடிக்கும் நாடி

"சிஸ்டர், காதுக்குள்ள உலக்கை குத்துற சத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்றார் போளூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். ஐம்பது வயதிருக்கும். வேலூரில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நான் தியேட்டர் நர்ஸாக இருந்த காலம். "சத்தம் கேக்கும்போதெல்லாம் மேசையைத் தட்டுங்கம்மா" என்று சொல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். தட்டிய விரலும் நாடியும் பிசகாமல் ஒன்றாக அடித்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த டாக்டர் என்னையும் பார்க்கச் சொன்னார். முத்து நிறச் செவிப்பறைக்குப் பின்னால் குன்றிமணிச் சிவப்பில் ஒரு பொட்டு. அதுவும் துடித்துக்கொண்டிருந்தது.

கிளோமஸ் கட்டி. பெரும்பாலும் புற்றாக மாறாது, மெதுவாகத்தான் வளரும், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். எங்கள் திருவண்ணாமலையில் கட்டி என்றாலே பெரியவர்களுக்கு ரமண மகரிஷி நினைவு வந்துவிடும். அவர் இடது கையில் வந்ததை 1949இல் நான்கு முறை அறுத்தும் திரும்பத் திரும்ப வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். அது சார்கோமா, புற்று. காதில் வரும் இது வேறு வகை. இதில் உடனடி ஆபத்து அவசரப்பட்டுக் கை வைப்பதுதான்.

ஒரு காலத்தில் இதைக் காதில் வளர்ந்த வெறும் சதை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள். ரத்தம் கொட்டும். அப்படி எங்கோ கிளறிவிட்டு, காது நிறையப் பஞ்சு அடைத்து அனுப்பப்பட்ட ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அவர் சட்டைக் காலர் நனைந்து விறைத்திருந்தது.

இது என்ன என்பதே மருத்துவ உலகுக்கு வெகுநாள் தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவின் ஸ்டேசி கில்ட், காதெலும்பில் பெரிய கழுத்து ரத்தக்குழாயின் மேல்முனையை ஒட்டி, அரை மில்லிமீட்டர் அளவில் சின்னஞ்சிறு உருண்டைகள் இருப்பதைக் கண்டு எழுதினார். அந்த உருண்டையிலிருந்துதான் கட்டி கிளம்புகிறது என்பதை 1945இல் நியூயார்க்கின் ஹாரி ரோசன்வாசர் தம் நோயாளியைக் கொண்டு காட்டினார். எத்தனை பேர் ரத்தம் சிந்திய பிறகு வந்த பதில்!

பெயர் கிடைத்ததும் வழி கிடைத்துவிடவில்லை. கட்டி பெருத்தால் முக நரம்பு, குரலுக்கும் விழுங்கவும் உதவும் நரம்புகள், மூளை என எல்லாம் பக்கத்திலேயே. வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னையில் பி. ராமமூர்த்தி. அந்தக் கைகள் பழகிய பிறகே இங்கே மண்டையோட்டின் அடித்தளத்துக்குள் நுழையும் தைரியம் வந்தது என்பது என் எண்ணம். 1970களில் சூரிச்சின் ஊகோ ஃபிஷ், முக நரம்பையே ஒதுக்கி வைத்துக் கட்டியை எடுக்கும் பாதையை வகுத்தார். அதே காலத்தில் தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் தரும் நாளத்தை முன்கூட்டியே அடைக்கும் முறையும் வந்தது. அடைத்து ஓரிரு நாளில் ஆபரேஷன். முன்பு பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிய இடத்தில் இப்போது கவலை வெகுவாகக் குறைந்தது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். கதிர்வீச்சு, அல்லது ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டிருப்பது.

போளூர் அம்மாவுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. செவிப்பறையைத் தாள்போல் மடக்கி, சிவப்பை மின்சூட்டில் சுருங்க வைத்து எடுத்தார் டாக்டர். சிறு மிளகளவு. மறுநாள் காலை, "ராத்திரி பல்லி கத்துனது கேட்டுச்சு சிஸ்டர்" என்றார்.

ஓய்வு பெற்று இப்போது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா, காதில் சத்தம் என்று நல்லெண்ணெயும் பூண்டும் காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்கச் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தட்டுங்க" என்றேன். தட்டினார். நாடியும் அதேதான். 2013இல் வந்த நம்ம மெடிக்கல் காலேஜுக்கு மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோவில் இருவரும் போனோம்.